முதலில் கிரியாட்டினின், பிறகு மெக்னீசியம்

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"மெக்னீசியம் மாத்திரை சாப்பிடலாமா?" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கேள்விக்குறி போட்டுக் கொடுத்த வாசகர் வட்டத்தாருக்கு முதலில் நன்றி. ஆச்சரியக்குறி போட்டுப் பேசுகிறவர்கள் உங்கள் செல்போனில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் மருத்துவர் இல்லை. அரசு மருத்துவமனை மருந்தகத்தில் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று பல வருஷம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு மருந்துக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். மருந்து எழுதும் உரிமை எனக்குக் கிடையாது. ஆனால் சீட்டில் இருக்கிற ஐந்து மருந்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகுமா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு உண்டு. அந்த இடத்தில் நின்றுதான் பேசப்போகிறேன்.

கொஞ்ச காலமாகக் கடைக்கு வருகிறவர்கள், "சார், மெக்னீசியத்துல எது நல்லது? கிளைசினேட்டா, சிட்ரேட்டா?" என்று கேட்கிறார்கள். நான் பதிலுக்கு, "உங்க கிரியாட்டினின் எவ்வளவு?" என்பேன். பலருக்கு முகம் சுருங்கிவிடும். சத்து மாத்திரை கேட்டால் இவன் ஏன் கிட்னியைப் பற்றி விசாரிக்கிறான் என்று. ஏன் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

வளர்ந்த ஒருவரின் உடம்பில் மொத்தமாக 25 கிராம் அளவுக்கு மெக்னீசியம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. மீதியில் பெரும்பகுதி தசையிலும் மற்றத் திசுக்களிலும். இரத்தத்தில் ஓடுவது நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. 300-க்கும் மேற்பட்ட நொதிகள் வேலை செய்ய இது வேண்டும். செல்கள் தங்கள் வேலைக்குச் செலவழிக்கிற ஏடிபி என்ற பொருளும் மெக்னீசியம் ஒட்டியிருந்தால்தான் பயன்படும். நரம்பிலிருந்து தசைக்கு உத்தரவு போகிற இடத்தில், கால்சியம் தசையைச் சுருங்க வைக்கும் பக்கம் நிற்கும். மெக்னீசியம் தளர்த்தும் பக்கம் நிற்கும். இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் மறந்துவிடாதீர்கள். பின்னால் பிரசவ வார்டுக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கைப் பராமரிப்பது சிறுநீரகம். ஒரு நாளைக்குச் சுமார் 2400 மில்லிகிராம் மெக்னீசியத்தை அது வடிகட்டுகிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டு, 100 மில்லிகிராம் சொச்சத்தை மட்டும் சிறுநீரில் விடுகிறது. உணவில் குறைந்தால் இறுக்கிப் பிடிக்கும். கூடினால் தாராளமாக வெளியேற்றும். நல்ல சிறுநீரகம் உள்ளவர் கொஞ்சம் அதிகமாக மாத்திரை போட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாமல் தப்புவது இதனால்தான். "மெக்னீசியம் ரொம்பப் பாதுகாப்பானது" என்று சொல்கிறார்களே, அந்தப் பாதுகாப்பு மாத்திரையில் இல்லை, சாப்பிடுகிறவரின் சிறுநீரகத்தில் இருக்கிறது.

சரி, நமக்கு மெக்னீசியம் போதவில்லையா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஆண்களுக்கு நாளொன்றுக்கு 440 மில்லிகிராம், பெண்களுக்கு 370 மில்லிகிராம் வேண்டும். தீட்டிய வெள்ளை அரிசியில் 100 கிராமுக்குச் சுமார் 20 மில்லிகிராம்தான் இருக்கிறது. அதே அரிசியைத் தீட்டாமல் வைத்திருந்தால் 90-ஐ ஒட்டி இருந்திருக்கும். தவிடோடு சேர்த்து மாட்டுக்குப் போட்டுவிட்டோம். கேழ்வரகில் 145-ஐ ஒட்டி, கம்பில் 120-க்கு மேல். எள், பாதாம், முந்திரி, பூசணி விதை, உளுந்து, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் நிறைய உண்டு. கீரையின் பச்சை நிறத்துக்குக் காரணமான பச்சையத்தின் நட்டநடுவில் உட்கார்ந்திருப்பதே ஒரு மெக்னீசியம் அணுதான். காலையில் கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ, மதியம் கீரையும் பருப்பும், மாலையில் ஒரு கைப்பிடி சுண்டல் என்று சாப்பிடுகிறவருக்கு மெக்னீசியம் பற்றிக் கவலைப்பட அதிகக் காரணம் இல்லை. மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, ரவை, மைதா என்று போகிறவருக்கு உண்டு.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். நம் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கிறது என்று சலித்துக்கொள்கிறோம். அந்த உப்புகளில் மெக்னீசியமும் ஒன்று. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், லிட்டருக்கு 30 மில்லிகிராம் மெக்னீசியம் வரை விரும்பத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாதபோது 100 வரை பொறுக்கலாம் என்றும் சொல்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் இதில் பெரும்பகுதியை எடுத்துவிடும். உடனே வீட்டுக்குப் போய் ஆர்.ஓ.வைக் கழற்றிவிடாதீர்கள். உங்கள் ஊர் நீருக்கு அது தேவையாகவே இருக்கலாம். ஆனால் எடுத்ததைத் தட்டில் ஈடுகட்ட வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையிலேயே மெக்னீசியம் குறைந்துபோகிற ஆட்கள் வேறு. நீண்ட நாள் வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், குடலில் அறுவை சிகிச்சை நடந்தவர்கள், தொடர்ந்து மது குடிக்கிறவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் அடிக்கடி சிறுநீர் போகிறவர்கள், இன்னும் சில மருந்துகளை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள். இவர்களுக்குக் குறைந்தால் அது கைகால் நடுக்கத்தில் தொடங்கி, வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகும். கூடவே பொட்டாசியமும் கால்சியமும் இறங்கும். மெக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியத்தை மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது. இது மருத்துவமனையில் பார்த்துச் சரிசெய்ய வேண்டியது. சாதாரண இரத்தப் பரிசோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. இரத்தத்தில் இருப்பது நூறில் ஒரு பங்குக்கும் குறைவு என்று சொன்னேன். ஆகையால் அந்த எண் சரியாக இருந்தாலும் எலும்பிலும் தசையிலும் இருப்பு இறங்கியிருக்கலாம். எண் குறைவாகவே வந்துவிட்டால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

இனி மாத்திரைக்கு வருவோம். மெக்னீசியம் உப்பை மனிதன் முதலில் சத்துக்காகச் சாப்பிடவில்லை, பேதிக்காகச் சாப்பிட்டான். 1618-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரில், வறட்சிக் காலத்தில் ஹென்றி விக்கர் என்ற விவசாயியின் மாடுகள் ஒரு குட்டைத் தண்ணீரை முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் திரும்பினவாம். நாக்கில் வைத்தால் கசப்பு. குடித்தவர்களுக்கு வயிறு கழிந்தது. அப்புறம் என்ன, லண்டன் பெரிய மனிதர்கள் வண்டி கட்டிக்கொண்டு போய் அந்தக் கசப்பு நீரைக் குடிக்க ஆரம்பித்தார்கள். மாடு செய்த முடிவு மேலானது என்பது என் கருத்து. அந்த நீரில் இருந்த உப்பைப் பற்றி நெகேமியா குரூ என்பவர் 1695-இல் எழுதினார். நாம் பேதி உப்பு என்று சொல்கிற மெக்னீசியம் சல்பேட் அதுதான்.

ஏன் பேதியாகிறது? குடல் உறிஞ்சாமல் விட்ட மெக்னீசியம் தன்னோடு தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் மலச்சிக்கலுக்கு இது வேலை செய்கிறது, அதே காரணத்தால்தான் சத்துக்காகச் சாப்பிடுகிறவருக்கும் வயிறு இளகுகிறது. அளவு மிஞ்சுகிறது என்று உடம்பு முதலில் சொல்கிற இடம் கழிப்பறை. அதைக் கேட்காமல், "உடம்புல இருக்கிற கெட்டதெல்லாம் வெளியே போகுது" என்று சந்தோஷப்பட்டு அடுத்த மாத்திரையைப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே போவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மெக்னீசியமும், காசில்லாமல் உடம்பில் இருந்த தண்ணீரும் பொட்டாசியமும்தான். இன்னொன்று. பேதி உப்பை ஆலிவ் எண்ணெயோடு குடித்தால் பித்தப்பைக் கல் கரைந்து வந்துவிடும் என்று வாட்ஸப்பில் ஒரு வைத்தியம் சுற்றுகிறது. செய்யாதீர்கள். நர்சரியில் ரோஜாச் செடிக்கென்று விற்கிற உப்பை வாங்கிக் குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது செடிக்குத்தான்.

இப்போது டப்பாவைக் கையில் எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு நான் சொல்வதில் இதையாவது வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் "மெக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி." என்று போட்டிருக்கும். 1000 மில்லிகிராம் மெக்னீசியம் என்று பயந்து ஒருவர் வாங்காமல் போவார். நல்ல பலமான மாத்திரை என்று இன்னொருவர் மகிழ்ந்து வாங்குவார். இரண்டு பேரும் பார்த்தது மட்டையோடு சேர்த்து எடை போட்ட தேங்காயை. மெக்னீசியம் தனியாக மாத்திரைக்குள் வராது. ஏதாவது ஒன்றோடு சேர்ந்து உப்பாகத்தான் வரும். கிளைசினேட் என்ற உப்பில் மெக்னீசியத்தின் பங்கு நூற்றுக்கு 14. ஆக அந்த 1000-இல் உண்மையான மெக்னீசியம் 140 மில்லிகிராம். சிட்ரேட்டில் நூற்றுக்கு 16. பேதி உப்பில் நூற்றுக்கு 10. ஆக்சைடில் மட்டும் நூற்றுக்கு 60. "மெக்னீசியம் ஆக்சைடு 400 மி.கி." என்ற சின்ன மாத்திரைக்குள் 240 மில்லிகிராம் மெக்னீசியம் இருக்கிறது, பெரிய எழுத்தில் 1000 என்று போட்ட அந்த கிளைசினேட்டைவிட அதிகம். ஆனால் ஆக்சைடு சரியாகக் கரையாது. குடல் அதில் கொஞ்சத்தைத்தான் உறிஞ்சும். மிச்சம் பேதிக்குப் போய்விடும். சிட்ரேட் அதைவிட நன்றாக உறிஞ்சப்படும். கிளைசினேட் வயிற்றைக் கொஞ்சம் குறைவாகத் தொந்தரவு செய்யும் என்கிறார்கள், விலையும் கூடுதல். திரியோனேட் என்று ஒன்று மூளைக்கே நேராகப் போகும் என்று விற்கிறார்கள். மனிதர்களிடம் அதற்கான சான்று அந்த விலைக்குத் தகுந்த அளவு இல்லை.

ஆகவே டப்பாவைத் திருப்புங்கள். பின்பக்கக் கட்டத்தில், "தனிம மெக்னீசியம்" அல்லது வெறுமனே "மெக்னீசியம்" என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் பரிந்துரை அளவில் எத்தனை சதவீதம் என்று இருக்கும். அந்த வரிதான் கணக்கு. அது ஒரு மாத்திரைக்கா, இரண்டு மாத்திரைக்கா என்றும் பாருங்கள். "ஒரு பரிமாறல்" என்று போட்டுவிட்டு, ஒரு பரிமாறல் என்றால் மூன்று கேப்சூல் என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். அந்த வரியே இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும். "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று அதே டப்பாவிலேயே அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். சட்டப்படி அப்படிப் போட்டுத்தான் ஆக வேண்டும். அந்த வரிக்குப் பக்கத்திலேயே, இதைச் சாப்பிட்டால் மூட்டு வலி, தூக்கமின்மை, மனப்பதற்றம் எல்லாம் தீரும் என்று சாடையாகச் சொல்கிற படமும் இருக்கும்.

எவ்வளவு வரை சாப்பிடலாம்? மாத்திரை, டானிக் வழியாக உள்ளே போகிற மெக்னீசியத்துக்கு அமெரிக்காவில் 1997-இல் வைத்த உச்ச வரம்பு, பெரியவர்களுக்கு நாளைக்கு 350 மில்லிகிராம். ஐரோப்பிய அறிவியல் குழு 2001-இல் இன்னும் குறைத்து 250 என்று வைத்தது. இங்கே ஒருவர் உடனே கேட்பார்: தேவையே 440 என்கிறீர்கள், வரம்பு 350 என்கிறீர்கள், இது எப்படி? நியாயமான கேள்வி. 440 என்பது சோறு, கீரை, பருப்பு, தண்ணீர் எல்லாம் சேர்த்த மொத்தத் தேவை. 350, 250 என்பவை மாத்திரைக்கு மட்டுமான வரம்பு. உணவில் வருகிற மெக்னீசியத்துக்கு வரம்பு எதுவும் வைக்கவில்லை. கீரைக் கூட்டு சாப்பிட்டு மெக்னீசியம் விஷமாகிப் போன ஆரோக்கியமான ஆள் யாரும் இல்லை. குழந்தைகளுக்கு வரம்பு மிகவும் குறைவு: 1 முதல் 3 வயது வரை 65, 4 முதல் 8 வயது வரை 110. பெரியவர்களின் டப்பாவிலிருந்து பிள்ளைக்குப் பாதி மாத்திரை உடைத்துக் கொடுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இந்த வரம்புகள் எல்லாம் சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு. அது பழுதானவருக்கு, மற்றவர்களுக்கு மலமிளக்கியாக இருந்த மருந்தே உயிருக்கு ஆபத்தாகும். இதற்கு ஜப்பானைச் சொல்ல வேண்டும். அங்கே மலச்சிக்கலுக்கு முதலில் எழுதுகிற மருந்து மெக்னீசியம் ஆக்சைடுதான். வயதானவர்கள் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். இரத்தத்தில் மெக்னீசியம் எக்கச்சக்கமாக ஏறிப்போன 15 பேரின் விவரமும், அதில் இரண்டு மரணங்களும் பதிவானதைத் தொடர்ந்து 2008-இல் அந்நாட்டு அரசு எச்சரிக்கை விடுத்தது. 2015-இல் முதியவர்களைக் குறித்து எச்சரிக்கையை மறுபடி திருத்தி எழுதியது. வயதானால் சிறுநீரகத்தின் வேகம் எல்லோருக்கும் குறையும். மலச்சிக்கல் இருந்தால் மருந்து குடலில் நெடுநேரம் தங்கி இன்னும் அதிகமாக உள்ளே போகும். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்துதான் இருக்கும்.

மெக்னீசியம் ஏறினால் என்ன ஆகும் என்பதை எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவாகப் பிரசவ வார்டில் பார்க்கலாம். கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருகிற தாய்மார்களுக்கு மெக்னீசியம் சல்பேட்தான் மருந்து. 2002-இல் வெளிவந்த மேக்பை ஆய்வு, 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களைச் சேர்த்து நடந்தது. இந்த மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைத்தது என்று நிரூபித்தது. அமெரிக்க மருத்துவர் பிரிச்சர்ட் வகுத்த முறையில், முதலில் 4 கிராம் நரம்பில் மெதுவாக, பிறகு இரண்டு பிட்டத்திலும் ஐந்து ஐந்து கிராம், அதன்பின் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 5 கிராம். ஆம்பூல்களை வரிசையாக உடைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வார்கள்.

ஆனால் அடுத்த ஊசிக்கு நேரமாகிவிட்டது என்பதற்காக நர்ஸம்மா உடனே குத்திவிட மாட்டார். முதலில் அந்தத் தாயின் முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கால் துள்ளுகிறதா? அடுத்து மூச்சை எண்ணுவார். நிமிடத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது. பிறகு கட்டிலுக்கு அடியில் தொங்குகிற சிறுநீர்ப் பையைப் பார்ப்பார். 4 மணி நேரத்தில் 100 மில்லியாவது இறங்கியிருக்கிறதா? மூன்றில் ஒன்று சரியில்லை என்றாலும் ஊசி கிடையாது. கைக்கெட்டும் தூரத்தில் தட்டில் கால்சியம் குளுகோனேட் தயாராக இருக்கும். அதுதான் முறிவு மருந்து.

மெக்னீசியம் தசையைத் தளர்த்தும் பக்கம் நிற்கிறது என்று சொன்னேன் அல்லவா? இரத்தத்தில் அது வழக்கமாக 100 மில்லிக்கு 2 மில்லிகிராம் அளவில் இருக்கும். வலிப்பைத் தடுக்க 5 முதல் 8 வரை ஏற்றுகிறார்கள். 10-ஐ ஒட்டிப் போனால் முழங்கால் துள்ளுவது நிற்கும். அதற்கும் மேலே போனால் மூச்சு விடும் தசைகள் தளரும். கடைசியில் இதயம் நிற்கும். சிறுநீர் இறங்காவிட்டால் ஏறிய மருந்து வெளியேறாது. அதனால்தான் சிறுநீர்ப் பையைப் பார்க்காமல் மறு ஊசி இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸ் பக்கத்திலேயே நின்று கொடுக்கிற மருந்துக்கே சிறுநீரகத்தின் சம்மதம் கேட்கிறோம். ஆன்லைனில் டப்பா வாங்கி ஒருவரே எடுத்துப் போட்டுக்கொள்கிற மருந்துக்கு ஏன் கேட்கக் கூடாது?

கிரியாட்டினின் பரிசோதனைச் சீட்டில், சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டுகிற இஜிஎஃப்ஆர் என்று ஒரு எண்ணும் வரும். அது 30-க்குக் கீழே இருந்தால் மருத்துவர் எழுதாமல் மெக்னீசியம் கலந்த எதையும் தொடக்கூடாது. 30-க்கும் 60-க்கும் நடுவில் இருந்தால் கேட்டுவிட்டுத்தான். பத்து, பதினைந்து வருஷமாகச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், வலி மாத்திரையை அடிக்கடி போட்டுப் பழகியவர்கள், அறுபதைத் தாண்டியவர்கள் எல்லோரும் தங்கள் எண்ணைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்கள் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

அடுத்தது மற்ற மருந்துகளோடு உள்ள உறவு. கடைக்கு ஓர் அம்மா வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார்.

"தம்பி, பேரன் பெங்களூர்ல இருந்து வாங்கி அனுப்பியிருக்கான். காலையில வெறும் வயித்துல போட்டுக்கவா?"

"வேற என்னென்ன மாத்திரை போடுறீங்கம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. பிபிக்கு ஒண்ணு, தைராய்டு ஒண்ணு, கேஸ் மாத்திரை. எலும்புக்கு வாரம் ஒண்ணு. கால்சியம் ராத்திரியில."

"ஒண்ணுமில்லை"யில் ஐந்து மாத்திரை இருந்தது. "நெஞ்சு கரிச்சா ஏதாவது குடிப்பீங்களா?" என்று கேட்டேன். "அது மருந்தா? அந்த ரோஸ் கலர் டானிக் நாலு மூடி குடிப்பேன்" என்றார். ஜெலூசில், டைஜீன் போன்றவற்றில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. அந்த உப்பு 250 மில்லிகிராம் என்றால் அதில் 100 மில்லிகிராமுக்கு மேல் மெக்னீசியம். கால்சியம் மாத்திரைகள் பலவற்றிலும் மெக்னீசியத்தைச் சேர்த்திருக்கிறார்கள். மலச்சிக்கலுக்குக் குடிக்கிற மில்க் ஆஃப் மெக்னீசியாவில் ஒரு வேளை அளவே 1000 மில்லிகிராமைத் தாண்டிவிடும். டப்பாவில் உள்ளதை மட்டும் கணக்கிட்டால் போதாது என்பது இதனால்தான்.

வெறும் வயிற்றில் போட வேண்டியது தைராய்டு மாத்திரை. அதோடு மெக்னீசியம் போனால் தைராய்டு மருந்து சரியாக உள்ளே போகாது. இரண்டுக்கும் நடுவில் 4 மணி நேரம் வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை போடுகிற அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரையையும் மெக்னீசியம் கட்டிப்போட்டுவிடும். 2 மணி நேரமாவது தள்ளியிருக்க வேண்டும். ஆன்டிபயாட்டிக்குகளில் இரண்டு வகை முக்கியம். ஒன்று, வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கக் கொடுக்கிறார்களே, டாக்சிசைக்ளின் வகை. இன்னொன்று சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை. இவற்றை மெக்னீசியம் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து சாப்பிட்டும் காய்ச்சல் இறங்காது. ஆன்டிபயாட்டிக்கை முதலில் போட்டு 2 மணி நேரம் கழித்து மெக்னீசியம் போடலாம். மெக்னீசியத்தை முதலில் போட்டுவிட்டால் 4 முதல் 6 மணி நேரம் பொறுத்துத்தான் ஆன்டிபயாட்டிக். என்னைக் கேட்டால் ஆன்டிபயாட்டிக் முடிகிற ஐந்து நாளும் மெக்னீசியத்தை நிறுத்திவிடுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.

கேஸ் மாத்திரை கதை வேறு. ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகை மாத்திரைகளை ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டால் இரத்தத்தில் மெக்னீசியம் இறங்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் எச்சரித்தது. அவர்கள் பார்த்தவர்களில் கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்தும் ஏறவில்லை; கேஸ் மாத்திரையை நிறுத்திய பிறகுதான் ஏறியது. நம் ஊரில் கேஸ் மாத்திரை கேட்காமலேயே சீட்டில் ஏறிவிடுகிறது. ஒருமுறை எழுதியதை ஐந்து வருஷமாக வாங்கிச் சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இன்னொரு டப்பாவைக் கொடுக்கும் முன், அந்த மாத்திரை இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்வேன். நீர் பிரிவதற்குக் கொடுக்கிற ஃபியூரோசமைடு, தயசைடு வகைகளும் மெக்னீசியத்தை வெளியேற்றும். ஸ்பைரனோலாக்டோன் நேர்மாறாகப் பிடித்து வைக்கும். இரண்டையுமே நீர் மாத்திரை என்றுதான் சொல்கிறோம். எனவே "நீர் மாத்திரை போடுறேன்" என்று சொன்னால் போதாது, அட்டையைக் காட்டுங்கள்.

இத்தனையும் கடந்து சாப்பிட்டால் பலன் உண்டா? மலச்சிக்கலுக்கு உண்டு, சந்தேகமில்லை. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வருகிறவர்களுக்கு ஓரளவு உண்டு. ஆனால் 1996-இல் ஜெர்மனியில் வெளிவந்த ஆய்வில் கொடுத்தது நாளைக்கு 600 மில்லிகிராம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. அது மருத்துவர் சொல்லிச் சாப்பிட வேண்டிய அளவு. இரத்த அழுத்தம் இரண்டு புள்ளி குறையலாம். அதை நம்பி பிபி மாத்திரையை விட்டவர்கள் கெட்டார்கள். இராத்திரியில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது என்று வருகிறவர்கள்தான் அதிகம். வயதானவர்களின் இந்தப் பிடிப்புக்கு மெக்னீசியம் சொல்லிக்கொள்ளும்படி உதவவில்லை என்று காக்ரேன் குழு 2020-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லிவிட்டது. தூக்கத்துக்கு நடந்தவை சின்னச் சின்ன ஆய்வுகள்; அவற்றை வைத்து மாதாமாதம் பணம் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலில் அடித்துக்கொள்ளும் ஸ்பிரே, குளியல் உப்பு ஆகியவற்றால் உருப்படியான அளவு தோல் வழியாக உள்ளே போவதாகச் சான்று இல்லை. குளியல் சுகமாக இருந்தால் குளியுங்கள்.

சாப்பிடத்தான் வேண்டும் என்று முடிவானால் உணவோடு சாப்பிடுங்கள். தனிம அளவு 100 மில்லிகிராமில் தொடங்குங்கள். வயிறு இளகினால் குறையுங்கள். எதற்காகத் தொடங்கினீர்களோ அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் அந்தத் தொந்தரவு குறையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். தீர்ந்துபோன டப்பாவுக்கு அடுத்த டப்பாவைப் பழக்கத்தில் வாங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, வீட்டில் வயதானவர்களை வைத்திருப்பவர்களுக்கு. மெக்னீசியம் மாத்திரையோ மலமிளக்கியோ சாப்பிடுகிறவர் வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், குமட்டினால், முகம் சிவந்து சூடேறினால், கைகால் தொய்ந்து எழுந்து நிற்க முடியாமல் போனால், நாடி மெதுவானால், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று படுக்க வைக்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போது டப்பாவையும் டானிக் பாட்டிலையும் மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன உப்பு, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளாக என்பதைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.